ஊருக்குச் சொன்னதை வீட்டிற் செய்தவர்

நூலறிவு மிக்கோரை உலகம் வியக்கும். ஈரநெஞ்சம் மிக்கோரை உலகம் நேசிக்கும். இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வங்கநாட்டில் வாழ்ந்த ஈசுவரசந்திர வித்தியாசாகரரிடத்தில் அவை ஒருங்கே அமைந்திருந்தன. நம் நாவலர் பெருமானுக்கு அவர் இரண்டாண்டு மூத்தவர். இருவரும் பாடசாலைகளைத் தாபித்தவர்கள். இருவரும் சிறுவர்க்கெனப் பாடநூல் எழுதியவர்கள். ஆதலின் அவர் சரிதம் நமக்கு அந்நியமானதன்று.

இன்று மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த வீரசிங்கம் என்னும் கிராமத்திலே, 1820ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் தாகூர்தாஸ், தாயார் பகவதி தேவி. வறிய அந்தணர் குடும்பம். தந்தையார் கல்கத்தாவிலே சொற்ப சம்பளத்துக்கு வேலைபார்த்துக் குடும்பத்தைத் தாங்கிவந்தார்.

எட்டு வயதில், கல்வியின்பொருட்டு ஈசுவரர் தந்தையாருடன் கல்கத்தாவுக்குக் கால்நடையாகச் சென்றார். வழியோரத்தில் நட்டிருந்த மைற்கல்லைக் கண்டதும், அரைக்கிற அம்மியை ஏன் தெருவில் நாட்டியிருக்கிறார்கள் என்று வினவினார். தந்தையார் நகைத்து விளக்கம் கூறினார். பத்தொன்பதாம் மைலிலே தொடங்கிய பாடம் பத்தாம் மைலில் முடிந்தது. அதற்குள் ஆங்கில இலக்கங்கள் யாவும் பிள்ளைக்கு மனப்பாடம். சோதிக்க விரும்பிய தந்தையார், ஆறாம் மைற்கல்லைப் பிள்ளை காணாதபடி கடத்திவிட்டு ஐந்தாவதைக் காட்டினார். ஆறு என்றிருக்கவேண்டிய இடத்திலே தவறாக ஐந்தென்று வெட்டிவிட்டார்கள் என்று சிறுவன் தயங்காது சொன்னான். இச்சம்பவத்தை அவரே தம் சுயசரிதத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

1829இல் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியிற் சேர்ந்தார். தந்தைக்கும் தம்பியர்க்கும் சமைத்துப்போட்டுவிட்டே படிக்கவேண்டியிருந்தது. எனினும் இலக்கணம், காவியம், வேதாந்தம், தர்மசாத்திரம் முதலியவற்றிலே முதன்மைபெற்று, கல்விக்கடல் எனப் பொருள்படும் வித்தியாசாகர் என்னும் பட்டத்தைப் பெற்றார். 1841இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியிலே மாதம் ஐம்பது ரூபா சம்பளத்தில் தலைமைப் பண்டிதரானார். கையிற் சம்பளம் கிடைத்ததும் அவர் செய்த முதற் காரியம், தந்தையாரை வேலையிலிருந்து விலகச் செய்து ஊருக்கனுப்பி இளைப்பாறவைத்ததே.

1851இல் தாம் படித்த சமஸ்கிருதக் கல்லூரிக்கே அதிபரானார். அந்தணரும் வைத்தியரும் மாத்திரமே நுழையலாமென்றிருந்த அக்கல்லூரியின் வாயிலை முதலிற் காயஸ்தர்க்கும், பின்னர் 1854இல் ஏனைய இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். சாத்திரம் நன்குணர்ந்த அந்தணரே இதனைச் செய்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. 1855இல் வர்ணபரிசயம் என்னும் அரிச்சுவடியை வெளியிட்டார். வழக்கில் இல்லாத எழுத்துக்களை நீக்கி, வங்க நெடுங்கணக்கைச் சிறுவர் எளிதிற் பயிலும்படி அந்நூலில் ஒழுங்குசெய்தார். தலைமுறை தலைமுறையாக வங்கப் பிள்ளைகள் அதைக்கொண்டே எழுத்தறிந்தனர்.

அதே ஆண்டில் பாடசாலைப் பரிசோதகர் பதவியும் அவரிடம் வந்தது. பெண்களைப் படிக்கவைத்தல் பாவமென்று பலர் எண்ணிய காலம் அது. அவரோ 1857 நவெம்பர் தொடக்கம் 1858 மே வரையிலான சில மாதங்களில் முப்பத்தைந்து பெண் பாடசாலைகளைத் திறந்தார். ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு சிறுமியர் படிக்கவந்தனர். மேலதிகாரி வாய்மொழியாக அளித்த ஊக்கத்தை நம்பியே அவர் தொடங்கியிருந்தார். அரசாங்கமோ நிரந்தர உதவி தர மறுத்துவிட்டது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். பிள்ளைகளோ வந்து காத்திருக்கிறார்கள். 1858இல் மாதம் ஐந்நூறு ரூபா வருமானமுள்ள உத்தியோகத்தைத் துறந்து வெளியேறிய பின்னரும், நண்பரிடம் நிதி திரட்டியும் தம் கைப்பொருளை இட்டும் இயன்ற பாடசாலைகளை நடத்திவந்தார்.

பாலிய விதவைகளின் துயரம் அவர் உள்ளத்தை உருக்கியது. பராசர ஸ்மிருதியில் மறுமணத்துக்கு ஆதாரம் கண்டு 1855இல் நூல் எழுதினார். அவருடைய விண்ணப்பத்திற் கையொப்பமிட்டோர் ஆயிரம் பேர்வரையில். எதிர் விண்ணப்பத்திற் கையொப்பமிட்டோரோ முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆயினும் 1856 ஜூலை 26இல் விதவை மறுமணச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசெம்பரிலே முதல் மணமும் நடந்தது. மணச்செலவுகளைத் தாமே தாங்கிக் கடனாளியானார். உதவுவோமென்று வாக்களித்தவர்களிற் பலர் மெல்ல ஒதுங்கிக்கொண்டனர்.

ஊராருக்கு உபதேசிப்பது எளிது. 1870இல் அவருடைய ஒரே மகன் நாராயணசந்திரர் ஒரு விதவைப் பெண்ணை மணக்க விரும்பியபோது, சுற்றத்தார் எதிர்த்தும் வித்தியாசாகரர் மனமுவந்து இசைந்தார். பிறர் வீட்டுக்குச் சொன்ன தர்மம் தம் வீட்டுக்கும் உரியதென்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை.

இத்தனை அன்புள்ளவரின் இல்வாழ்க்கை துன்பமின்றிக் கழிந்ததென்று எண்ணற்க. மனத்தாங்கல் காரணமாக 1869இல் பிறந்த ஊரை விட்டகன்றவர் மீண்டும் அங்கே செல்லவில்லை. தெய்வமாகப் போற்றிய அன்னையார் 1871இல் காசியிலே காலமானார். பின்னர் மகனுடைய நடத்தையில் வெறுப்புற்று, 1875இல் எழுதிய மரணசாதனத்திலே அவரை உரிமையினின்றும் நீக்கினார். அதே சாதனத்தில் உறவினர் பலர்க்கும், ஆதரவற்ற அயலார்க்கும், ஊர்ப் பாடசாலைக்கும், மருந்துச்சாலைக்கும் மாதந்தோறும் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தார். அவர் குடும்பம் என்று கருதியது இரத்த உறவை மாத்திரமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மெற்றோபொலிற்றன் கல்விக்கூடத்தை அவர் கலாசாலையாக உயர்த்தி, இந்திய ஆசிரியரைக்கொண்டே நடத்திக் காட்டினார். அங்கே மாணாக்கரைப் பிரம்பால் அடித்தல் கூடாதென விதித்தார். முதுமையிலே, இன்று ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள கர்மாட்டாரிற் சந்தாலர் மத்தியிலே நாட்கள் பல கழித்தார். காலையில் அவர்கள் கொண்டுவரும் சோளக் கதிர்களை விலைகொடுத்து வாங்குவார். பசியோடு அவர்கள் திரும்பிவரும்போது அக்கதிர்களையே அவர்களுக்கு உண்ணக் கொடுப்பார். நோயுற்றோர்க்கு ஹோமியோபதி மருந்தும் கொடுத்தார்.

1891 ஜூலை 29இல் அவர் கல்கத்தாவிற் காலமானார். அவர் வளர்த்த கலாசாலை 1917இல் வித்தியாசாகர் கல்லூரி எனப் பெயர் பெற்றது.

வாலிப அன்பர்களே! அவருடைய கல்வியை நாம் எல்லோரும் எய்துதல் இயலாது. ஆனால் மேடையிற் சொல்வதை வீட்டிற் செய்தல் எவர்க்கும் இயலும். ஏழைப் பிள்ளையொன்றுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதற்குப் பட்டமும் பதவியும் வேண்டியதில்லை. முதியோர் வழிகாட்ட, இளையோர் அத்தொண்டை மேற்கொள்வதே அப்பெரியாருக்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.