பாலசுந்தரத்தின் வக்கீல்

விடியுமுன் போடிமெட்டு ஏறி ஏலத் தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்மார் மாலையில் வீடு திரும்பிவிடுகிறார்கள். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய கரும்புத் தோட்டத் தமிழருக்கு அது முடியாது. ஐந்தாண்டு ஒப்பந்தம், இடையில் முதலாளியை விட்டு நீங்கினால் சிறை.

ஒரு வழக்கிற்காக 1893-ல் அங்கு சென்ற காந்தியடிகள், மறு ஆண்டு நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். சில மாதங்களில் பாலசுந்தரம் என்ற தமிழர், முதலாளியிடம் அடிபட்டு, முன்பல் இரண்டும் உடைந்து, முண்டாசைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு வந்து நின்றார். முண்டாசைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் அடிகள். மருத்துவரிடம் சான்று வாங்கி மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். முதலாளியைத் தண்டிப்பதைவிட ஆளை மீட்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டது. ஓடிப்போனால் குற்றமாயிற்றே! ஆகவே ஒப்பந்தத்தை முறைப்படி வேறொருவர் பேருக்கு மாற்ற வைத்தார்.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட 1895-ல் சட்டம் வந்தது. அதை நீக்கக் கோர்ட்டு போதவில்லை. பெண்களும் சிறை சென்றார்கள். சிறையில் கண்ட காய்ச்சலால் 1914 பிப்ரவரியில் தில்லையாடி வள்ளியம்மை மாண்டாள். வயது பதினாறு, நம் பத்தாம் வகுப்பு அக்காமாரின் வயது. அவ்வாண்டே வரி நீங்கியது. 1915-ல் தாயகம் திரும்பிய காந்தியடிகள் தில்லையாடிக்கு நேரில் சென்று வந்தார்.