எட்டயபுரம் ஸுப்பராம தீக்ஷிதர்

இக்காலத்து இசையன்பரிடையே ஒருவகை ஏக்கம் உண்டு. பெரும் பாடகர் ஒருவர் மனமுருகிப் பாடிப் பதிவாகியும், ஏதோ ஒரு காரணத்தால் வெளிவராது கம்பெனியாரின் அலமாரியிலே உறங்கும் இசைத்தட்டுக்களையும் ஒலிநாடாக்களையும் எண்ணி அவர்கள் வருந்துவர். கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவில் தம் முதற்பதிவுகளைச் செய்தது 1902ஆம் ஆண்டில். அதற்கு நெடுங்காலம் முன்னரே, வெளிவராத இசைச்செல்வம் ஒன்று நம் கரிசற் சீமையில், கோவில்பட்டியை அடுத்த எட்டயபுரத்தில், ஒரே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. அதன் திறவுகோலைக் கையில் வைத்திருந்தவரே ஸுப்பராம தீக்ஷிதர்.

இவர் 1839ஆம் ஆண்டு திருவாரூரிற் பிறந்தவர். இயற்பெயர் பாலஸுப்பிரமணியன். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பியாகிய பாலுஸ்வாமி தீக்ஷிதர் இவருக்குத் தாய்வழிப் பாட்டனார். எட்டயபுரம் ஸம்ஸ்தான வித்துவானாய் விளங்கிய அம்முதியவர், மகளின் மைந்தனையே தமக்கு மகனாக ஸ்வீகாரம் செய்துகொண்டார். முத்துஸ்வாமி தீக்ஷிதர் எட்டயபுரத்திலேயே 1835இல் தீபாவளியன்று மறைந்துவிட்டமையால், ஸுப்பராமர் அம்மேதையைக் கண்ணாற் கண்டவரல்லர். அவர் அறிந்ததெல்லாம் பாலுஸ்வாமியின் குரலும் வீணையும் வாயிலாக அறிந்ததே.

பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நோக்கி விளையும் அச்சிறு ஸம்ஸ்தானம் காவேரிக்கரை போல வளம் மிக்கதன்று. எனினும் அதன் அரசர்கள் இசையைப் போற்றினர், சோதித்தும் பார்த்தனர். ஸுப்பராமர் தம் பதினேழாம் பிராயத்தில் தர்பார் ராகத்தில் முருகப் பெருமான்மீது ஒரு தானவர்ணம் இயற்றினார். அது பிள்ளையின் வேலையா, கிழவரின் வேலையா என்று அரசருக்கு ஐயம் உண்டாயிற்றாம். யமுனாகல்யாணியில் தாம் விதித்தவாறு ஒரு ஜதிஸ்வரம் செய்யுமாறு பணித்தார். இளைஞர் அதனையும் செய்து முடித்துப் பரிசு பெற்றார். 1859இல் பாலுஸ்வாமி காலமாகவே, இருபது வயதினரான ஸுப்பராமர்மேல் ஸம்ஸ்தான வித்துவான் பதவியோடு வேறொரு பெருஞ்சுமையும் வந்து விழுந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கீர்த்தனைகளும், வேங்கடமகியின் வழிவந்த கீதங்களும், ராகலக்ஷணங்களும் இனி அவர் நெஞ்சிலும், வீட்டுச் சுவடிகளிலும் மட்டுமே முழுமையாய் நின்றன.

அவர் அவற்றை உடனே உலகிற்கு வழங்கிவிடவில்லை. பரம்பரைச் செல்வத்தைப் பிறர்க்குத் திறந்துகாட்ட அவர் நெடுநாள் தயங்கினார். இதனை உலோபம் என்று இகழ்வது எளிது. நாம் அவ்வாறு இகழமாட்டோம். ஸ்வரத்தை எழுதிவிடலாம், அந்த ஸ்வரம் அசையும் அசைவை எவ்வாறு எழுதுவது? பிழையாய் அச்சேறிய பாட்டு, அச்சேறாத பாட்டினும் விரைவில் அழியும். குருமுகமாய் வந்த வித்தையே பிழைப்புமாய் இருந்த காலம் அது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இந்நிலையில் அவர் வாழ்விற் புகுந்தவர் சென்னை ஏ. எம். சின்னஸ்வாமி முதலியார். எம்.ஏ. பட்டம் பெற்ற கத்தோலிக்கக் கிறிஸ்தவர், அரசாங்க உத்தியோகஸ்தர். நம் இசையை ஐரோப்பிய ஸ்வரக்குறிப்பில் எழுதி உலகெங்கும் பரப்பவேண்டும் என்பது அவர் பேரவா. 1893இல் அவ்வகை நூலொன்றைப் பகுதி பகுதியாய் வெளியிடத் தொடங்கினார். தியாகராஜரின் கீர்த்தனைகளுக்கு வாலாஜாபேட்டைக் கிருஷ்ணஸ்வாமி பாகவதரின் துணையைப் பெற்றார். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கீர்த்தனைகளுக்கு ஸுப்பராமரையே நாடினார். ஆனால் கைப்பொருளும் கண்ணொளியும் ஒருங்கே குன்றின. முயற்சி பாதியில் நின்றது. அச்சிற்கென ஆயத்தமான எத்தனையோ பாடல்கள் அவ்வளவில் முடங்கின.

தம்மால் முடியாததைப் பிறராவது முடிக்கட்டும் என்று எண்ணிய பெருந்தகை அம்முதலியார். 1899ஆம் ஆண்டின் இறுதியில் ஜகத்வீரராம வேங்கடேசுவர எட்டப்ப மஹாராஜாவின் பட்டாபிஷேகத்திற்கு எட்டயபுரம் வந்தவர், தீக்ஷிதரிடமுள்ள இசையையெல்லாம் நூலாக்குவிக்குமாறு அரசரை வேண்டிக்கொண்டார். அரசர் இசைந்து செலவையும் ஏற்றார். அரசரின் கட்டளைக்கு முன் தீக்ஷிதரின் தயக்கம் நீங்கிற்று. அவருக்கு அப்பொழுது வயது அறுபது.

எட்டயபுரத்து வித்யாவிலாஸினி அச்சுக்கூடத்தில் வேலை நடைபெற்றது. ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி என்னும் அந்நூல் 1904இல் வெளிவந்தது. ஏறத்தாழ 1,700 பக்கங்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229. இவற்றோடு எழுபத்திரண்டு மேளங்களின் முறைவைப்பும், கீதங்களும், தானங்களும், இசைவாணர் பலரின் சரித்திரமும் அதில் அடங்கியுள்ளன. எனினும் அந்நூலின் உயிர்நிலை கமகக் குறிகளே. ஸ்வரத்தின் தலைமேல் இடும் சிறு அடையாளங்களால் அதன் அசைவைக் காட்டும் வழியை அவர் வகுத்தார். எதனை எழுத இயலாது என்று அஞ்சியிருந்தாரோ, அதனையே எழுதிக் காட்டினார். நூல் தெலுங்கு லிபியில் அமைந்ததாயினும், ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, நொக்கு, ஒதுக்கல், கண்டிப்பு என்று அக்குறிகளுட் பலவற்றின் பெயர்கள் தமிழ் மணம் கமழ்வதைக் காண்கையில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அடுத்த ஆண்டே தொடக்க மாணவர்க்கென ஒரு பயிற்சி நூலையும் வெளியிட்டார். வாழ்நாளெல்லாம் காத்ததை ஒளியாது கொடுக்கத் துணிந்தபின், குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றியது போலும். 1906இல் அவர் காலஞ்சென்றார். எட்டயபுரத்துப் பிள்ளையான சுப்பிரமணிய பாரதியார் அப்பிரிவாற்றாது இரங்கற்பா இயற்றினார்.

தீக்ஷிதரின் மைந்தர் அம்பி தீக்ஷிதர் பின்னர் சென்னை சென்று பாடம் சொல்லலானார். டி. எல். வேங்கடராமையரும் டி. கே. பட்டம்மாளும் அவரிடம் கற்றவர்கள். பட்டம்மாளின் இசைத்தட்டுக்கள் வாயிலாக, எட்டயபுரத்து வீட்டில் அடைபட்டிருந்த கீர்த்தனைகள் ஊர்தோறும் ஒலித்தன. மூலநூலைத் தமிழ் எழுத்திற் பெயர்க்கும் பணியைச் சென்னை மியூஸிக் அகாடமியார் மேற்கொண்டனர். அதன் முதற்பகுதி 1961இல் வெளிவந்தது. தன் ஊரில் அச்சான அந்நூலை ஓர் எட்டயபுரத்து மாணவன் தாய்மொழியின் எழுத்திற் படிக்க ஐம்பத்தேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.