பீத்தோவன் முடியில் 95 மடங்கு ஈயம்: 200 ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்தது எப்படி?

பட்டுச்சேலை சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதிப்பது செவிலிமேடு, காஞ்சிபுரம் பக்கம் பழகிப்போன விஷயம். மனித உடம்பில் எந்த உலோகம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் இப்படிச் சோதிக்கலாம். ஆனால் சோதிக்கும் மாதிரி சரியானதாக இருக்கணும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இசைமேதை பீத்தோவனே உதாரணம்.

யார் இவர்?

1770-ல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். 1792-ல் வியன்னாவில் குடியேறினார். 30 வயதுக்குள்ளேயே காது மந்தமானது. தீராத வயிற்றுக் கோளாறு வேறு. தான் இறந்தபின் தன் நோயை மருத்துவர் எழுதி, உலகுக்குச் சொல்லணும் என்று 1802-ல் தம்பிகளுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டுக்கொண்டார். 1824-ல் 9-வது சிம்பொனி அரங்கேறியபோது, கைதட்டல்கூட அவருக்குக் கேட்கவில்லை. 1827 மார்ச் 26-ல், 56 வயதில் காலமானார்.

முடி சொன்ன பொய்

அவர் முடியைப் பலர் நினைவாகப் பாதுகாத்தனர். அதில் ஒரு கற்றையைச் சோதித்து, ஈய நச்சுதான் காரணம் என்று பல ஆண்டுகள் பேசினார்கள். 2023-ல் வெளியான மரபணு ஆய்வில், அந்த முடி ஒரு பெண்ணுடையது எனத் தெரிந்தது!

அதே ஆய்வு உறுதிசெய்த முடிகளில் இரண்டை அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வகம் சோதித்தது. 2024-ல் முடிவு வந்தது. ஒரு கிராம் முடியில் 4 மைக்ரோகிராம் வரை ஈயம் இருப்பது இயல்பு. இவருக்கு ஒன்றில் 258, மற்றொன்றில் 380. ஆர்சனிக், பாதரசமும் அதிகம். அந்தக் காலத்தில் ஒயினில் இனிப்புக்காக ஈய உப்பு கலப்பார்கள். பீத்தோவன் ஒயின் பிரியர்.

ஈயம்தான் உயிரைக் குடித்ததா? ஈயம் மட்டுமே மரணத்துக்குக் காரணமாகும் அளவு இல்லை என்கிறது ஆய்வு. காது, வயிற்றுத் தொல்லைக்கு அது துணைபோயிருக்கலாம். கல்லீரல் நோய்க்கான மரபணு ஆபத்தும், ஹெபடைடிஸ் பி தொற்றும் அவருக்கு இருந்தன.

நமக்கு எந்த டெஸ்ட்?

பீத்தோவன் விஷயத்தில் முடியை விட்டால் வேறு வழி குறைவு. உயிரோடு இருப்பவர்களுக்கு அப்படியில்லை. முடியில் வெளித்தூசி, சாயம் ஒட்டி முடிவை மாற்றிவிடும். அதனால் ஈயத்துக்கு ரத்தப் பரிசோதனை, ஆர்சனிக்குக்குப் பெரும்பாலும் சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, அது எங்கிருந்து வருகிறது எனக் கண்டுபிடித்துத் தடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பீத்தோவனுக்கு அது சுமார் 70 இருந்திருக்கும் எனக் கணக்கிட்டுள்ளனர்.

பேட்டரி, பெயின்ட், உலோகம் உருக்கும் வேலையில் இருப்பவர்கள், முடியைப் பார்த்தே எல்லாம் சொல்வோம் என்ற விளம்பரங்களை நம்பாமல், டாக்டரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே நல்லது.