அசடனாய் நடித்த அறிவாளி

ஒல்லியாக ஒருவரும் பருமனாக ஒருவரும் சேர்ந்து தெருவில் நடந்துவிட்டால், லாரல் ஹார்டி போகிறார்கள் என்று கேலி பேசாத ஊர் உண்டா? அந்த இருவரில் ஒல்லியானவர், எதற்கெடுத்தாலும் தலையைச் சொறிந்துகொண்டு விழிப்பவர், குழந்தையைப் போல் முகம் சுருக்கி அழுபவர்தாம் ஸ்டான் லாரல். திரையில் அவரைப் போல் ஓர் அசடர் இல்லை. ஆனால் அந்த அசட்டுத்தனங்களில் பெரும்பாலானவற்றை உட்கார்ந்து யோசித்துச் செதுக்கியவரும் அவரேதாம் என்பது பலர் அறியாத செய்தி.

இங்கிலாந்தின் வடபகுதியில் அல்வர்ஸ்டன் என்னும் சிற்றூரில் 1890 ஜூன் 16ஆம் நாள் அவர் பிறந்தார். இயற்பெயர் ஆர்தர் ஸ்டான்லி ஜெஃபர்சன். தந்தையார் நாடக நடிகர். நாடகக் கொட்டகைகளையும் நடத்தியவர். தாயாரும் நடிகை. பெற்றோர் தொழில் நிமித்தம் ஊர் ஊராகச் சென்றதால், பிள்ளைப் பருவத்தில் பாட்டியின் அரவணைப்பிலும் வளர்ந்தார். பதினாறு வயதில் கிளாஸ்கோ நகரின் அரங்கு ஒன்றில் தனியாக மேடையேறினார். 1910இல் பிரெட் கார்னோ என்பவரின் நகைச்சுவைக் குழுவோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அதே கப்பலில், அதே குழுவின் முன்னணி நடிகராகச் சென்றவர் யார் தெரியுமா? சார்லி சாப்ளின்! சாப்ளினால் நடிக்க இயலாத நாளில் அவருக்குப் பதிலாக மேடையேற வேண்டியவர் லாரல். 1913இல் சாப்ளின் திரைப்படத்துக்குப் போய் உலகப் புகழ் பெற்றுவிட்டார். லாரலோ மேலும் பதின்மூன்று ஆண்டுகள் சில்லறை மேடைகளிலும் சிறு படங்களிலுமாக அலைந்தார்.

பிறகு ஹால் ரோச் என்பவரின் படப்பிடிப்பு நிலையத்தில் கதை எழுதவும் இயக்கவும் அமர்ந்தார். நடிப்பை விட்டுவிடும் எண்ணத்தில்தான் இருந்தார். 1926இல் ஒரு படத்தில் நடிக்கவிருந்த ஆலிவர் ஹார்டி, வீட்டில் ஆட்டிறைச்சி சமைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். அந்த வேடத்தை ஏற்க ஆள் இல்லாமல் லாரலையே நடிக்கச் சொன்னார்கள். ஒரு சமையலறை விபத்து அவரை மீண்டும் திரைக்கு இழுத்து வந்தது! அடுத்த ஆண்டிலேயே இருவரும் இணையாயினர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் சேர்ந்து தோன்றினர்.

படப்பிடிப்பு முடிந்ததும் ஹார்டி கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விடுவார். லாரல் படத்தொகுப்பு அறைக்குள் நுழைவார். எந்த அடி எந்த நொடியில் விழ வேண்டும், ஹார்டி நம்மை நோக்கிப் பரிதாபமாகப் பார்க்கும் பார்வை எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கே பார்த்துப் பார்த்து அமைப்பார். இயக்குநர் என்று திரையில் வருவது வேறொருவர் பெயர். லாரலுக்கு ஹார்டியைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஊதியம். அது நியாயமே என்று ஹார்டியும் ஏற்றுக்கொண்டார். கூட்டுத் தொழிலில் இப்படி ஒரு மனம் அமைவது அபூர்வம்.

அந்த உழைப்பின் அருமையை அறிய 1932இல் வந்த ‘தி மியூசிக் பாக்ஸ்’ படம் ஒன்றே போதும். அரை மணி நேரப் படம். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டியில் அடைத்த ஒரு பியானோவை மேட்டின் உச்சியிலுள்ள வீட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எடுத்தார்கள். அந்தப் படிக்கட்டில் 133 படிகள். மேலே ஏற்ற ஏற்ற, ஏதேனும் ஒரு குறுக்கீட்டால் பெட்டி கீழே உருண்டு விடுகிறது. ஏற்றிய வேலையெல்லாம் நிலை ஆற்றலாகச் சேர்ந்து, கைவிட்ட கணத்தில் இயக்க ஆற்றலாகப் பாய்வதை எங்கள் இயற்பியல் நூல்கூட இவ்வளவு தெளிவாக விளக்கவில்லை! ஒருவழியாக உச்சியை அடைந்ததும் தபால்காரர் வந்து, பின்பக்கம் வண்டிப் பாதை இருக்கிறதே என்கிறார். உடனே நம் வீரர்கள் என்ன செய்கிறார்கள்? பெட்டியைத் திரும்பக் கீழே இறக்கி, வண்டியிலேற்றி, அந்தப் பாதை வழியே கொண்டு வருகிறார்கள்.

மூட்டை சுமக்கும் தொழில் செய்யும் என் தந்தையார் இப்படத்தை முதலில் சிரிக்காமலேதான் பார்த்தார். படியில் பாரம் ஏற்றும்போது கீழே நிற்பவன்மேல்தான் எடை இறங்கும், அதைச் சரியாகக் காட்டியிருக்கிறார்கள் என்றார். பெட்டியைத் திரும்ப இறக்கத் தொடங்கியதும் அவராலும் அடக்க முடியவில்லை. நகைச்சுவைக் குறும்படத்துக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட ஆஸ்கர் பரிசு இப்படத்துக்கே கிடைத்தது. பரிசைப் பெற்றவர் தயாரிப்பாளர்.

லாரலின் சொந்த வாழ்வில் சிரிப்பு குறைவு. 1930இல் பிறந்த மகன் ஒன்பதே நாளில் இறந்தான். மண வாழ்வு பல முறை முறிந்தது. 1940இல் ரோச்சை விட்டு விலகி, பெரிய நிறுவனங்களுக்குச் சென்றபோது எழுத்திலோ தொகுப்பிலோ அவரைத் தலையிட விடவில்லை. சொன்னதை நடித்துவிட்டுப் போகும் கூலி நடிகரானார். படங்கள் சோபிக்கவில்லை என்பதில் வியப்பென்ன? பின்னர் பழைய படங்கள் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடியபோது இருவருக்கும் ஒரு காசும் வரவில்லை. விளம்பரங்களுக்காகப் படத்தைக் கண்ட இடத்தில் வெட்டியதுதான் அவரை அதிகம் வருத்தியது.

மக்கள் மட்டும் மறக்கவில்லை. 1953இல் அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தில் இருவரும் வந்திறங்கியபோது பெருங்கூட்டம் திரண்டு நின்றது. அவ்வூர்த் தேவாலய மணிகள் அவர்களுடைய படங்களின் தொடக்க இசையையே ஒலித்தன.

1957 ஆகஸ்ட் 7ஆம் நாள் ஹார்டி மறைந்தார். இரண்டாண்டுகளுக்கு முன்பே பக்கவாதத்தால் தாக்கப்பட்டிருந்த லாரலை மருத்துவர் இறுதிச் சடங்குக்குப் போக அனுமதிக்கவில்லை. அதன்பின் அவர் நடிக்கவே மறுத்துவிட்டார். சாண்டா மோனிகாவில் ஒரு சிறு குடியிருப்பில் வாழ்ந்தார். தொலைபேசிப் புத்தகத்தில் அவர் எண் இருந்தது. யார் வேண்டுமானாலும் பேசலாம். ரசிகர் கடிதங்களுக்குத் தாமே பதில் எழுதினார். தமக்கும் ஹார்டிக்குமான புதுக் காட்சிகளையும் எழுதிக்கொண்டே இருந்தார். அவற்றை நடிக்கத்தான் இனி ஹார்டி இல்லை. 1961இல் சிறப்பு ஆஸ்கர் விருது அறிவிக்கப்பட்டபோது, உடல் நலமின்மையால் அவர் செல்லவில்லை. டேனி கே என்ற நடிகர் பெற்றுக்கொண்டார்.

1965 பிப்ரவரி 23ஆம் நாள் ஸ்டான் லாரல் மாரடைப்பால் காலமானார். இறுதிச் சடங்குக்கு, ஊமைப்படக் காலத்தின் மற்றொரு பெரும் நகைச்சுவைக் கலைஞரான பஸ்டர் கீட்டன் வந்திருந்தார்.