பெண்ணாடம் தந்த பேராசான்

சிறுவயதில் நாம் படித்த மாயாசாலக் கதைகளை எண்ணிப் பாருங்கள். விறகு வெட்டப் போன ஏழை ஒருவன் காட்டில் முனிவர் ஒருவரைக் காண்கிறான். அவர் ஒரு மந்திரத்தையோ மோதிரத்தையோ அவனுக்குத் தருகிறார். அன்று முதல் அவன் நினைத்ததெல்லாம் நடக்கிறது. மாளிகை எழுகிறது, படை திரள்கிறது, மன்னன் மகள் மாலையிடுகிறாள். கதை அத்தோடு முடிந்து விடுகிறது. அதன் பின் அவன் எப்படிப்பட்ட மனிதனாக ஆனான்? பழைய தோழனை வழியில் கண்டால் தேரை நிறுத்தினானா? அவன் தவறு செய்தபோது அதை எடுத்துச் சொல்ல யாருக்காவது துணிவு இருந்ததா? இவற்றைக் கதை சொல்வதில்லை.

பெரும் ஆற்றல் ஒருவன் கைக்கு வந்தால் அது அவனை என்ன செய்யும்? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கல்லூரிக்கு நாள்தோறும் பேருந்திலும் இரயிலிலும் வரும் நண்பர்கள் பலருடைய ஊராகிய பெண்ணாடத்தில், ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒரு குழந்தையின் வரலாற்றிலேயே அதற்கு விடை இருக்கிறது. அக்குழந்தையே சைவ சித்தாந்தத்தின் தலைநூலாகிய சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டார்.

ஊரின் பெருமை

பெண்ணாகடம் என்னும் பழம்பெயரே இன்று பெண்ணாடம் என வழங்குகிறது. தேவகன்னியரும், ஆவாகிய காமதேனுவும், கடமாகிய வெள்ளை யானையும் வழிபட்ட தலமாதலின் பெண் + ஆ + கடம் எனப் பெயர் வந்ததென்பர். வெள்ளாற்றின் அருகே அமைந்த இவ்வூர்க் கோயில் திருத்தூங்கானைமாடம் எனப்படும். படுத்து உறங்கும் யானையின் பின்புறம் போன்ற விமானத்தைப் பின்னின்று பார்ப்போர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

சமண சமயத்திலிருந்து மீண்ட திருநாவுக்கரசர், தம் தோளில் சூலக் குறியும் இடபக் குறியும் பொறிக்குமாறு வேண்டிப் பெற்றது இத்தலத்தில்தான். அடியார்க்குக் காட்டும் மதிப்பில் மனைவிக்கும் விலக்குத் தராத கலிக்கம்ப நாயனார் வாழ்ந்த ஊரும் இதுவே. அவருடைய வீட்டில் முன்பு ஏவலாளாய் இருந்த ஒருவர் அடியார் கோலத்தில் வந்தார். அவருடைய காலைக் கழுவக் கரகநீர் வார்க்க மனைவியார் தயங்கினார். அதனால் நாயனார் அவருடைய கையையே வெட்டினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. இக்கால உள்ளம் அச்செயலை ஏற்காது. ஆயினும் நேற்றைய வேலைக்காரனை இன்று வணங்குவது மனிதர்க்கு எவ்வளவு கடினம் என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. மெய்கண்டார் வரலாற்றிலும் இதே கடினம் மீண்டும் வரப் போகிறது.

பிறப்பும் பெயரும்

பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்னும் வேளாளப் பெருமகனார் வாழ்ந்து வந்தார். செல்வம் இருந்தது, மகப்பேறு இல்லை. அவர் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரிடம் சென்று குறையைக் கூறினார். ஆகமங்கள் அனைத்தையும் கற்றுத் தெளிந்தவர் என்பதால் பண்டிதர்க்கு அப்பெயர் வாய்த்தது. திருத்துறையூரில் வாழ்ந்த அவர் ஆதிசைவ மரபினர். மாணவர் பலர் சூழ வாழ்ந்தவர்.

பண்டிதர் தேவாரச் சுவடியை வைத்து வழிபட்டுக் கயிறு சாத்திப் பார்த்தார். திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அத்தலத்து முக்குளத்தில் நீராடி வழிபட்டால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்று பண்டிதர் வழிகாட்டினார். களப்பாளரும் துணைவியாரும் அவ்வாறே சென்று வழிபட்டு ஓர் ஆண்மகவைப் பெற்றனர். வெண்காட்டு இறைவன் பெயராகிய சுவேதவனப் பெருமாள் என்பதையே பிள்ளைக்கும் இட்டனர்.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இந்தக் குழந்தை பிறக்க வழி சொன்னவர் பண்டிதர். குடும்பத்தின் குருவும் அவரே. முறைப்படி இக்குழந்தை அவரிடம் கற்க வேண்டிய மாணவன்.

ஆற்றல் வந்த விதம்

குழந்தையை அதன் தாய்மாமன் திருவெண்ணெய்நல்லூருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். சுந்தரமூர்த்தி நாயனாரைத் திருமணப் பந்தலில் தடுத்து, அடிமை ஓலை காட்டி இறைவன் ஆட்கொண்ட வரலாற்றோடு தொடர்புடைய ஊர் அது. அங்கே ஒருநாள் குழந்தை விளையாடிக் கொண்டிருந்தது. கயிலையிலிருந்து அகத்தியரைக் காணப் பொதிகை நோக்கி வான்வழிச் சென்ற பரஞ்சோதி முனிவர், குழந்தையின் பக்குவத்தை உணர்ந்து கீழே இறங்கினார் என்றும், அதற்கு மெய்யுணர்வை உபதேசித்தார் என்றும் மரபு கூறும். தம் குருவாகிய சத்தியஞான தரிசினிகளின் பெயரைத் தமிழாக்கி மெய்கண்டார் என்னும் பெயரையும் சூட்டினார். அப்போது குழந்தைக்கு வயது மூன்று என்பர்.

நாம் தொடக்கத்தில் கண்ட கதைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள். அங்கே காட்டில் முனிவர்; இங்கே வானில் முனிவர். எதிர்பாராத நாளில் எதிர்பாராத ஒருவருக்குப் பேராற்றல் வந்து சேர்கிறது. வான்வழி வந்தார் என்பதை வரலாறாகக் கொள்வதா, உருவகமாகக் கொள்வதா என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை.

ஆற்றல் பெற்ற குழந்தை என்ன செய்தது? பேசாமல் இருந்தது! ஐந்து வயது வரை அது மௌனம் காத்ததாக மரபு கூறுகிறது. பின்னர்த் திருவெண்ணெய்நல்லூர்ப் பொல்லாப் பிள்ளையார் சந்நிதியில் அமர்ந்து, தம்மை நாடி வந்தோர்க்குப் பாடம் சொல்லத் தொடங்கியது. மாளிகை எழவில்லை, படை திரளவில்லை. மாணவர்கள் வந்தார்கள், அவ்வளவுதான்.

பண்டிதரின் வருகை

பண்டிதருடைய மாணவர்கள் சிலர் இச்சிறுவரிடம் சென்று பாடம் கேட்கலாயினர். சென்றவர்கள் திரும்பவில்லை. செய்தி பண்டிதர் காதுக்கு எட்டியது. ஆகமக் கடலைக் கரைகண்ட தம்மை விட்டு, தாம் வழிகாட்டிப் பிறந்த ஒரு சிறுவனிடம் தம் மாணவர்கள் செல்வதா? பண்டிதர் திருவெண்ணெய்நல்லூர் புறப்பட்டார்.

அவர் சென்ற நேரத்தில் மெய்கண்டார் மாணவர்களுக்கு ஆணவ மலத்தைப் பற்றி விளக்கிக் கொண்டிருந்தார். குலகுரு வந்ததைக் கண்டும் அவர் பாடத்தை நிறுத்தவில்லை. பண்டிதர் நின்றபடியே, ஆணவ மலத்தின் வடிவம் எப்படி இருக்கும் என்று வினவினார். சிறுவரைத் திணற அடிக்கும் கேள்வி என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. நின்றவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை பார்த்தார். நீ நிற்கும் இந்த நிலையே அதன் வடிவம் என்பது அப்பார்வையின் பொருள்.

அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். பண்டிதர் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். சிறுவனின் மரியாதைக் குறைவைச் சுட்டிக் கடிந்திருக்கலாம். களப்பாளர் குடும்பத்திடம் முறையிட்டிருக்கலாம். ஆகமங்களிலிருந்து நூறு மேற்கோள்களை அடுக்கி வாதிட்டு வென்றிருக்கலாம். ஊரும் அவர் பக்கமே நின்றிருக்கும். வயது, மரபு, கல்வி, பதவி ஆகிய நான்கும் அவர் பக்கம் இருந்தன. அவரோ சிறுவரின் காலில் விழுந்தார். தம்மை மாணவனாக ஏற்க வேண்டினார். மெய்கண்டார் அவருக்கு அருணந்தி சிவம் என்று பெயர் சூட்டி ஏற்றுக்கொண்டார். மெய்கண்டாரின் மாணவர் நாற்பத்தொன்பதின்மருள் அருணந்தியாரே தலைமாணவர் ஆனார்.

ஆணவம் ஒளியும் இடம்

கற்றறிந்த ஒருவர் தம் செருக்கைத் தாமே ஏன் காண முடியவில்லை? சித்தாந்தம் இதற்கு விடை தருகிறது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுள் ஆணவமே உயிரை அனாதியாகப் பற்றியது. செம்பில் களிம்பு போலவும் நெல்லில் உமி போலவும் அது உயிரோடு ஒட்டிக் கிடக்கிறது. இம்மரபில் பின்வந்த உமாபதி சிவாசாரியார், ஆணவத்தை இருளோடு ஒப்பிட்டுத் திருவருட்பயனில் ஒரு நுட்பம் கூறுகிறார். இருள் பிற பொருள்களை மறைக்கும். ஆனால், தான் இருப்பதைக் காட்டிவிடும். ஆணவமோ பிற பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக் கொள்ளும் என்பது அதன் கருத்து. ஆகவேதான் ஆணவத்தின் வடிவம் பண்டிதர்க்கு எந்தச் சுவடியிலும் அகப்படவில்லை. மற்றொருவர் காட்டித்தான் அவர் காண வேண்டியிருந்தது.

உயிருக்குச் சார்ந்ததன் வண்ணமாதல் என்றோர் இயல்பு உண்டு என்பதும் சித்தாந்தக் கொள்கை. படிகத்தின் அருகே சிவந்த பூவை வைத்தால் படிகம் சிவப்பாகத் தோன்றும். நீலப்பூவை வைத்தால் நீலமாகும். உயிரும் அத்தகையதே. நம் தொடக்க வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? கல்வியோ, பதவியோ, மந்திர மோதிரமோ, எதைச் சார்ந்து நிற்கிறோமோ அதன் நிறமே நம் நிறமாகிவிடுகிறது. பண்டிதர் தம் புகழைச் சார்ந்து நின்றார். புகழின் நிறம் அவர்மேல் ஏறிற்று. மெய்கண்டார் மெய்யைச் சார்ந்து நின்றார். பேராற்றல் வந்தும் அவர் பாடம் சொல்லும் ஆசிரியராகவே இருந்தார்.

அரண்மனையும் பிள்ளையார் சந்நிதியும்

மெய்கண்டார் வாழ்ந்த 13-ஆம் நூற்றாண்டு தமிழக அரசியலில் பெருங்குழப்பமான காலம். சோழப் பேரரசு தளர்ந்து கொண்டிருந்தது. 1231-ஆம் ஆண்டளவில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், மூன்றாம் இராசராச சோழனையே சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசள மன்னன் நரசிம்மன் படையனுப்பி அவனை மீட்க வேண்டியதாயிற்று. 1279-ஆம் ஆண்டோடு சோழர் ஆட்சியே முடிந்தது. கோப்பெருஞ்சிங்கனின் வலிமையும் நிலைக்கவில்லை. சேந்தமங்கலத்தில் இன்று எஞ்சியிருப்பது கோயிலும் சிதைவுகளுமே.

அதே வட்டாரத்தில், அதே நூற்றாண்டில், ஒரு பிள்ளையார் சந்நிதியில் பிறந்த நூலோ இன்றும் வாழ்கிறது. அதன் அளவு 12 நூற்பாக்கள். மொத்தம் 40 அடிகள்! ஒரு சிறுகதையின் முதற்பக்கத்தைவிடச் சிறியது. அதன் வழிவந்த நூல்களும் சேர்ந்து மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கு எனப் போற்றப்படுகின்றன. அவற்றுள் சிவஞான சித்தியாரும் இருபா இருபஃதும் அருணந்தி சிவாசாரியார் இயற்றியவை. உலகத்துப் பல சமயங்களின் கொள்கைகளை எடுத்துக்கூறி மறுக்கும் சித்தியாரின் பரபக்கத்தைப் படிப்போர், பண்டிதரின் பழைய கல்வி வீணாகவில்லை என்பதை உணர்வர். பணிந்தபோது அவர் தம் கல்வியை இழக்கவில்லை. அதன் மேலிருந்த களிம்பையே இழந்தார். 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் சிவஞானபோதத்திற்கு மாபாடியம் கண்டார். 1895-இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

தொடர்ந்த மரபு

அருணந்தியாரின் மாணவர் மறைஞான சம்பந்தர். அவருடைய மாணவர் உமாபதி சிவாசாரியார். உமாபதியார் தில்லைவாழ் அந்தணர். கோயில் பூசை முடித்துப் பட்டப்பகலில் தீவட்டியோடு பல்லக்கில் வந்த அவரைத் திண்ணையிலிருந்த மறைஞான சம்பந்தர் கண்டு, உயிரற்ற கட்டையின் மேல் பகற்குருடு போகிறதே என்னும் கருத்துப்பட மாணவர்களிடம் கூறினாராம். உமாபதியார் சினக்கவில்லை. பல்லக்கை விட்டுக் குதித்து அவர் பின்னே நடந்தார். அதனால் தம் இனத்தாரால் விலக்கப்பட்டுத் தில்லைக்கு வெளியே கொற்றவன்குடியில் வாழ்ந்தார். அவர் தம் சங்கற்ப நிராகரணத்தில் சக ஆண்டு 1235-ஐக் குறித்திருப்பதால் அது கி.பி. 1313 எனக் கணக்கிடுவர். மெய்கண்டார் காலத்தை அறியவும் அது உதவுகிறது.

இம்மரபில் ஒரு பாடம் இரண்டு முறை நடத்தப்பட்டிருக்கிறது. முதலில் பண்டிதர் பட்டத்திலிருந்து இறங்கினார். பின்னர் உமாபதியார் பல்லக்கிலிருந்து இறங்கினார். இருவரும் இறங்கிய பின்னரே நமக்கு நூல்கள் கிடைத்தன.

முடிவுரை

மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரிலேயே இறைவனடி சேர்ந்தார். ஐப்பசி மாதச் சுவாதி நாளில் அவருக்குக் குருபூசை நடைபெறுகிறது. மந்திர மோதிரம் நம் யாருக்கும் கிடைக்கப் போவதில்லை. ஆயினும் சின்னஞ்சிறு ஆற்றல்கள் நம்மைத் தேடி வரவே செய்யும். இன்னும் சில திங்களில் நம்மில் பலர் பட்டம் பெற்று வெளியேறுவோம். சிலர் அலுவலகத்தில் ஒரு நாற்காலியில் அமர்வோம். அந்த மேசைக்கு எதிரே கையில் மனுவோடு ஒரு முதியவர் நிற்பார். சிலர் ஆசிரியர் ஆவோம். நமக்குத் தெரியாத ஒன்றை நம் மாணவன் அறிந்திருப்பான். அன்று நாம் எப்படி நிற்போம் என்பதே நமக்கு வரப்போகும் உண்மையான தேர்வு.

பீங்கான் தொழிலால் பெயர் பெற்றது விருத்தாசலம். பச்சை மண்ணை எந்த வடிவிலும் வனையலாம். சூளையில் சுட்டெடுத்த பின் மாற்ற இயலாது என்பதை இங்குள்ள தொழிலாளர் எவரும் சொல்வர். சுட்ட கலமாகிவிட்ட பருவத்தில் மீண்டும் பச்சை மண்ணானவர் அருணந்தியார். அவரை அவ்வாறு ஆக்கியவர் நம் பெண்ணாடத்துப் பிள்ளை. தோழர்களே, அடுத்த முறை இரயில் பெண்ணாடம் நிலையத்தில் நிற்கும்போது, சன்னல் வழியே அந்த ஊரை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்!