பதினைந்து வயதில் காந்தியடிகள்

1869ஆம் ஆண்டு போர்பந்தரில் பிறந்த காந்தியடிகள் சிறுவயதில் மிகுந்த கூச்சமுடையவர். யாராவது கேலி செய்வார்களோ என்றஞ்சி, பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுவாராம். நம்மில் சிலரும் அப்படித்தானே!

15ஆம் வயதில், அண்ணன் பட்டிருந்த சுமார் 25 ரூபாய்க் கடனை அடைக்க, அந்த அண்ணனின் தங்கக் காப்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டியெடுத்தார். கடன் தீர்ந்தது, மனப்பாரம் தீரவில்லை. வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லை. குற்றத்தை எழுதி, தண்டனையும் கேட்டு, நோயுற்றிருந்த தந்தையிடம் நடுங்கியபடியே கொடுத்தார். அடிக்கு அவர் பயப்படவில்லை. தந்தை மனம் நோவாரே என்றுதான் பயம்.

பலகைக் கட்டிலில் எழுந்தமர்ந்து படித்த தந்தையின் கண்ணீர் காகிதத்தை நனைத்தது. ஒன்றும் பேசாமல் அதைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். மகனும் அழுதார். 1885இல் தந்தை காலமானார்.

கூச்சம் மட்டும் இலண்டனில் படித்தபோதும் அவரை விடவில்லை. அதையும் இந்தத் திருட்டையும் மறைக்காமல் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.