வலையைவிட நான்கு சென்டிமீட்டர்

பூப்பந்து ஆட்டக்களத்தின் வலைக் கம்பம் 1.55 மீட்டர் உயரம். பினாங்கில் 1930 மே 29ஆம் நாள் பிறந்த எடி சூங்கின் உயரமோ ஏறத்தாழ 1.59 மீட்டர்தான். வலைக்கு மேல் உச்சந்தலை மட்டுமே தெரியும் அளவு. இந்த உயரத்தோடு அவர் அகில இங்கிலாந்துப் போட்டியின் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை 1953, 1954, 1956, 1957 என நான்கு முறை வென்றார். உலக வெற்றியாளர் போட்டி என ஒன்று இல்லாத அந்தக் காலத்தில், அதை வென்றவரே உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்.

உயரம் குறைந்தவருக்கு ஸ்மேஷ் அடிப்பது கடினம். தாழ்வான இடத்திலிருந்து வேகமாக அடித்தால் பந்து வலையில் சிக்கும். இல்லையேல் எதிராளிக்கு வாகாகப் போய்ச் சேரும். இதற்கு எடி சூங் கண்ட வழி, துள்ளி எழுந்து காற்றில் இருந்தபடியே அடிப்பது. பந்து செங்குத்தாக இறங்கும். எதிராளிக்குக் கிடைக்கும் நேரமும் குறையும். இன்று பள்ளிப் போட்டிகளில்கூடக் காணும் துள்ளல் ஸ்மேஷுக்கு முன்னோடிகளில் ஒருவர் அவர்.

ஆனால் துள்ளினால் தரையிறங்க வேண்டுமே! எதிராளி பந்தைத் திருப்பிவிட்டால், கால் தரையில் பட்ட கணமே அடுத்த மூலைக்கு ஓட வேண்டும். அன்று சர்விஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. ஒரு செட்டுக்கு 15 புள்ளிகள். ஆட்டம் நீண்டுகொண்டே போகும். வேகமும் தளராத தாக்குப்பிடிப்பும் சேர்ந்திருந்ததால்தான் அந்தத் துள்ளல் அவருக்குக் கைகொடுத்தது.

மாணவர்களே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முழங்காலை மடக்கி மூன்று விநாடி அப்படியே நின்று, பிறகு எம்பிச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். அடுத்து, சட்டென்று தாழ்ந்து உடனே எம்புங்கள். பெரும்பாலோருக்கு இரண்டாவது குறி மேலே இருக்கும். விரைவாக இழுபடும் தசையும் தசைநாரும் ரப்பர் போல விசையைத் திருப்பித் தருகின்றன. தாமதித்தால் அந்த விசை வீணாகிறது. இந்த அடிப்படையில் சோவியத் பயிற்றுநர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960களில் துள்ளல் பயிற்சிகளை முறைப்படுத்தினார். அமெரிக்கரான பிரெட் வில்ட் 1975இல் அதற்கு பிளையோமெட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அதற்குள் எடி சூங்கின் பொற்காலமே முடிந்துவிட்டது.

படிப்புக்காக இங்கிலாந்து சென்ற அவர், 1950களில் ஐரோப்பா முழுவதும் பட்டங்களைக் குவித்தார். அண்ணன் டேவிட் சூங்குடன் இணைந்து 1951, 1952, 1953 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டமும் அவர் வசமானது.

அவரை மடக்கியவர் ஒரு மலாயாக்காரர்தான். பத்து வயதுக்கும் மேல் மூத்தவரான வோங் பெங் சூன், 1952 இறுதியாட்டத்தில் எடி சூங்கை வென்றார். 1955இல், இளமையைக் கடந்த வயதில், மீண்டும் வென்றார். எடியின் பலம் வேகம் என்றால், வோங்கின் பலம் துல்லியம். பந்தை எங்கே போட்டால் எதிராளி திணறுவார் என்பது அவருக்கு அத்துப்படி. கால் வேகம் மட்டும் போதாது என்பதற்கு அந்த இரண்டு இறுதியாட்டங்களைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. தோற்ற மறு ஆண்டு எடி சூங் டென்மார்க்கின் ஃபின் கொபெரோவை வீழ்த்தினார். 1957இல் அதே நாட்டின் ஏர்லன்ட் கோப்ஸை. 1950 முதல் 1957 வரையிலான எட்டு ஒற்றையர் பட்டங்களில் வோங்குக்கு நான்கு, எடிக்கு நான்கு. ஒன்றுகூட மலாயாவை விட்டு வெளியே போகவில்லை.

இருவரும் ஓரணியில் நின்றபோது என்ன ஆகும் என்பதை 1955 தாமஸ் கிண்ணம் காட்டியது. சிங்கப்பூரில் நடந்த இறுதிச் சுற்றில் மலாயா டென்மார்க்கை 8-1 என நொறுக்கியது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1958இல், அந்தக் கிண்ணம் இந்தோனேசியாவின் கைக்குப் போனது.

1997இல் பூப்பந்துப் புகழ்மண்டபத்தில் எடி சூங்கின் பெயர் சேர்க்கப்பட்டது. டத்தோ எடி சூங் 2013 ஜனவரி 28ஆம் நாள், 82ஆம் வயதில் காலமானார். பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய் அப்போது இரண்டு முறை அகில இங்கிலாந்துப் பட்டம் வென்றிருந்தார். அவர் நான்காவதை எட்டியது 2017இல். எடி சூங்கின் நான்காவது பட்டத்துக்குச் சரியாக 60 ஆண்டுகள் கழித்து.